இரண்டு மைக்ரோவாட்

சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் நடப்பதில்லை.

டிரான்ஸ்பார்மர் ஒருமுறை உறுமி அடங்குகிறது. வால்வின் அடியில், உலோகக் குழலின் இடுக்கில், ஒரு புள்ளி சிவக்கிறது. அது ஆரஞ்சாக மாற அரை நிமிடம் ஆகிறது.

அந்த அரை நிமிடத்தில் செய்ய வேலை ஏதுமில்லை.

*

பழைய வால்வு ரேடியோக்களும் இப்படித்தான். காலை ஏழேகால் செய்தி வேண்டுமென்றால் அதற்கு முன்பே திருகி வைக்க வேண்டும். முதலில் வெளிச்சம். பிறகு மெல்லிய இரைச்சல். அதற்குப் பிறகுதான் குரல்.

*

கட்டுவது சிறியது. ஹெட்போனுக்கான ஆம்ப்ளிபயர். 12ஏயூ7 வால்வு ஒன்று, 6080 வால்வு ஒன்று. ஒவ்வொன்றின் உள்ளேயும் இரண்டு டிரையோடுகள். ஒன்று இடது காதுக்கு, மற்றது வலது காதுக்கு. முதல் வால்வு சிக்னலை உயர்த்துகிறது. இரண்டாவது, ஹெட்போனைத் தள்ளும் வலுவை அதற்குத் தருகிறது. இடையில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கிடையாது.

1950-களில் அமெரிக்காவில் ஜூலியஸ் ஃபட்டர்மேன் இந்த வழியில் ஒலிபெருக்கிகளை ஓட்டிக் காட்டினார். ஒலிபெருக்கிக்கு அது பெரும்பாடு. ஹெட்போனுக்கு அவ்வளவு பாடு இல்லை.

*

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. கைபேசி உறைகள், கண்காணிப்புக் கேமராக்கள், எல்இடி பட்டைகள். வால்வு என்றதும் கல்லாவில் இருக்கும் பையன் உள்ளே திரும்பிப் பார்க்கிறான். பெரியவர் ஒருவர் எழுந்து வருகிறார்.

"எந்த வால்வு சார்?"

எண்ணைக் கேட்டதும் பதில் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுகிறார். மேல்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி. தூசி விழுகிறது. பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடிகள்.

சிலவற்றில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸின் முத்திரை, பாதி அழிந்து. 1954-இல் தொடங்கப்பட்ட நிறுவனம்; ரேடியோ வால்வுகளை இங்கேயே செய்தது. விரல் பட்டால் மீதி மையும் போய்விடும். பெரியவர் எழுத்தில்லாத பக்கமாகப் பிடித்துத் தருகிறார்.

*

வால்வின் உச்சியில் வெள்ளிப் பூச்சு. அழகுக்கு வைத்தது அல்ல. உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, வாயை உருக்கி மூடி, கடைசியில் கொஞ்சம் பேரியத்தை ஆவியாக்குகிறார்கள். அது கண்ணாடியில் படிகிறது. மிச்சமிருக்கும் வாயுவையும், பல ஆண்டுகளில் உலோகத்திலிருந்து மெல்லக் கசியும் வாயுவையும் அது பிடித்துக்கொள்கிறது.

கண்ணாடியில் விரிசல் விழுந்தால் வெள்ளி வெளுத்துவிடும். பார்த்ததுமே தெரியும்.

கையில் இருப்பதன் வெள்ளி பளபளப்பாக இருக்கிறது. செய்த நாளிலிருந்து அதன் உள்ளே காற்று நுழையவில்லை.

*

ரெசிஸ்டர்களைத் தாளில் பரப்பி வைத்தல்.

மஞ்சள், ஊதா, பழுப்பு. 470 ஓம்.

பழுப்பு, கருப்பு, மஞ்சள். ஒரு லட்சம் ஓம்.

பல்பு வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரிகின்றன. சன்னல் பக்கம் எடுத்துப் போகிறேன். பிறகும் மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. நிறம் அறிவிப்பு, மீட்டரில் வருவதுதான் அளவு.

*

சேஸியைக் கவிழ்த்து வைத்தாயிற்று. இனி எல்லா வேலையும் அடிப்பக்கத்தில். மேலிருந்து பார்க்கும்போது இடதாக இருப்பது இப்போது வலது.

சின்ன சாக்கெட்டில் ஒன்பது பின்கள். இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்திலிருந்து, கடிகாரம் சுற்றும் திசையில் எண்ண வேண்டும். பெரிய சாக்கெட்டில் எட்டு. நடுவில் இருக்கும் வெட்டிலிருந்து எண்ண வேண்டும்.

உதடு அசைய எண்ணுகிறேன். ஒவ்வொரு கம்பிக்கும் மறுபடி ஒன்றிலிருந்து.

எண்ணிக்கொண்டிருக்கும்போது வேறு நினைவு வருவதில்லை. வந்தால் எண்ணிக்கை நிற்கிறது. நின்றதும் வந்தது தெரிகிறது.

*

ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பி. 183 டிகிரியில் இளகத் தொடங்குகிறது.

அயனை மூட்டில் வைத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆவதில்லை. பின்னையும் கம்பியையும் சூடாக்கி முடித்த பிறகுதான் ஈயம் உள்ளே ஓடுகிறது. அயனின் நுனியில் ஈயத்தை உருக்கித் தடவினால் ஒட்டியதுபோலத் தெரியும். சில மாதங்களில் விட்டுவிடும். மூட்டு சூடாக வேண்டும். அதன் சூட்டில் ஈயம் தானாக இளக வேண்டும்.

பைன் மரப் பிசினின் புகை எழுகிறது. மூச்சை ஒரு பக்கமாக விடுகிறேன்.

அயனை எடுத்த பிறகு கை அசையக் கூடாது. பளபளப்பாக இருந்தது சட்டென்று உறைகிறது. அந்தக் கணம் கண்ணுக்குத் தெரிகிறது.

*

ஹீட்டர் கம்பிகள் இரண்டையும் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக்கொண்டு போக வேண்டும். 6080-இன் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கிறது. மாறுமின்சாரம். நொடிக்கு 50 முறை அது முன்னும் பின்னும் போகிறது. தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை எழுப்பிக்கொண்டே போகிறது. பக்கத்துக் கம்பியில் அதே மின்சாரம் எதிர்த் திசையில். முறுக்கு இறுக்கமாக இருந்தால் இரண்டு புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

முறுக்கிய கம்பியை சேஸியின் மூலையோடு ஒட்டிப் படுக்க வைக்கிறேன். சிக்னல் கம்பி அதைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்கே, செங்குத்தாகக் கடக்கிறது. சேர்ந்து ஓடக் கூடாது.

*

எர்த்.

சர்க்யூட்டின் எல்லாத் தரைக் கம்பிகளும் ஒரே புள்ளிக்கு வருகின்றன. அந்தப் புள்ளி சேஸியில் ஓர் இடத்தில் மட்டும் தொடுகிறது. சேஸி, பிளக்கின் மூன்றாவது முள் வழியாக, சுவரைத் தாண்டி, வீட்டின் பின்புறம் மண்ணில் புதைந்திருக்கும் கம்பிக்குப் போகிறது.

மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டால் ஹம் என்னும் ரீங்காரம் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். போகலாம். ஏதாவது ஒரு கம்பி கழன்று சேஸியைத் தொடும் நாளில் உயிரும் போகலாம். அந்த முள் இருந்தே ஆக வேண்டும்.

*

முதல் சோதனை, வால்வு செருகாமல்.

மீட்டரில் 200 வோல்ட். ஏறி நிற்கிறது.

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. எண் உடனே சைபருக்கு வருவதில்லை. 100 மைக்ரோபாரட் கப்பாசிட்டர், அதன் குறுக்கே 2,20,000 ஓம் ரெசிஸ்டர். 22 நொடிக்கு ஒருமுறை, இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக மிஞ்சுகிறது.

200.

74.

27.

10.

4.

முதலில் வேகமாகக் குறைகிறது. பிறகு நிதானம். பிறகு எண் நகர்கிறதா என்றே சந்தேகம். கணக்குப்படி அது முழுச் சைபரை அடைவதே இல்லை.

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

*

"ஒரு கை பாக்கெட்ல இருக்கணும் தம்பி." ரேடியோ மெக்கானிக்குகள் சொல்வது.

இரண்டு கையும் உள்ளே போனால், ஒரு கையில் ஏறிய மின்சாரம் மறு கையில் இறங்கும். நடுவில் நெஞ்சு.

மீட்டரின் கருப்பு முனையை சேஸியில் கவ்வ வைத்துவிட்டு, சிவப்பு முனையை வலது கையில் எடுக்கிறேன். இடது கை சட்டைப் பைக்குள் போகிறது. அங்கே சும்மா இருக்கிறது. வெகுநேரம் சும்மா இருக்கும் கையின் கனம் தெரிகிறது.

*

வடிந்துபோன கப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு ரெசிஸ்டரால் இணைத்து எடுத்தால் சைபர்.

சற்று நேரம் கழித்து அளந்தால், ஓரிரண்டு வோல்ட் திரும்பி வந்திருக்கிறது. யாரும் ஊட்டவில்லை. உள்ளே இருக்கும் மின்கடத்தாப் படலம் முன்பு தாங்கியதை மெதுவாகத் திருப்பித் தருகிறது.

*

6080 இசைக்காகச் செய்யப்பட்ட வால்வு அல்ல. அதன் மூத்தது 6ஏஎஸ்7ஜி. அமெரிக்காவின் ஆர்சிஏ செய்தது. பவர் சப்ளையில் மின்னழுத்தம் ஏறாமல் இறங்காமல் பிடித்து வைப்பது அவற்றின் வேலை. ஒரு வோல்ட் மாறினால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் பெருக்கித் தர அதற்குத் தெரியாது. ஆனால் நிறைய மின்சாரத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஓடவிடும்.

ஹெட்போனுக்குத் தேவையானதும் அதுவே.

*

வால்வுகளைச் செருகும்போது கண்ணாடியைத் திருகக் கூடாது. அடிப்பகுதியைப் பிடித்து நேராக அழுத்த வேண்டும். பின்கள் சாக்கெட்டுக்குள் இறங்கும் சத்தம் மிகச் சிறியது.

சுவிட்ச்.

உறுமல்.

காத்திருத்தல்.

6080-இன் கிரிட் 80 வோல்ட்டுக்கு அருகே வந்து நிற்கிறது. கேதோட் மெல்ல ஏறுகிறது. 20, 50, 90. நூறு வோல்ட்டைத் தாண்டி நிற்கிறது. வலது பக்கம் இடது பக்கத்தைவிட இரண்டு வோல்ட் குறைவு. ஒரே கண்ணாடிக்குள் இருக்கும் இரண்டு டிரையோடுகள்தான். ஒன்றுபோல் ஒன்று இல்லை.

அந்த இரண்டு வோல்ட்டை அப்படியே விடுகிறேன். காதுக்கு அது தெரியாது.

*

கண்ணாடிக்கு உள்ளே நடப்பது:

நிக்கல் குழல்; கேதோட் என்பது இதுதான். அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் வெள்ளைப் பூச்சு. குழலுக்குள் டங்ஸ்டன் இழை எரிகிறது. பூச்சு 700, 800 டிகிரிக்குச் சூடாகிறது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் பரப்பைவிட்டு வெளியே வருகின்றன.

எடிசன் 1880-களில் தன் பல்புக்குள் இதைக் கவனித்தார். ஏன் என்று அறிய அவர் நிற்கவில்லை. பிளெமிங் 1904-இல் அதை ரேடியோவுக்கு உதவும் பொருளாக்கினார். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பியை, கிரிட்டை, நுழைத்தார். சூடான பரப்பிலிருந்து எத்தனை எலெக்ட்ரான்கள் வரும் என்ற விதியைக் கண்ட ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு.

மேசைமேல் இருக்கும் ஆரஞ்சுப் புள்ளி இவ்வளவு கைகள் கடந்து வந்திருக்கிறது.

*

சேஸிக்கு அடியில், செம்புக் கம்பிக்குள், எலெக்ட்ரான்கள் ஊர்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள கம்பியில் 33 மில்லிஆம்பியர் ஓடினால், ஓர் எலெக்ட்ரான் சராசரியாக ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை.

அதே மின்சாரம் வால்வுக்குள் வெற்றிடத்தைக் கடக்கிறது. கேதோடுக்கும், எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் பிளேட்டுக்கும் இடையே 70 வோல்ட். பிளேட்டில் மோதும்போது எலெக்ட்ரானின் வேகம் நொடிக்கு 5,000 கிலோமீட்டர்.

பிளேட்டில் பட்டதும் மறுபடி ஊரத் தொடங்குகிறது.

*

கிரிட் எதையும் தொடுவதில்லை. கேதோடுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதனுள் மின்சாரம் ஏறக்குறைய போவதேயில்லை. அதன் அழுத்தம் சற்று ஏறினால் ஓட்டம் பெருகுகிறது. சற்று இறங்கினால் ஓட்டம் குறைகிறது.

அருகில் நிற்பது மட்டுமே அதன் வேலை.

*

வைகாசி. மின்விசிறியை நிறுத்தியாயிற்று, அதன் சத்தம் கேட்கக் கூடாதென்று. கழுத்தில் வியர்வை இறங்குகிறது. ஆம்ப்ளிபயரின் மேலே கையை நீட்டினால் சூடு ஏறி வந்து உள்ளங்கையில் படுகிறது. 6080-இன் ஹீட்டருக்கு மட்டும் 16 வாட். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30.

பல்லி ஒன்று சுவரில் வந்து, வெளிச்சத்தைப் பார்த்து, அங்கேயே தங்குகிறது.

*

ஹெட்போனை மாட்டியதும், பாட்டுக்கு முன்னால், ஹம்.

கண்ணை மூடிக் கேட்டால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. தலைக்குள், நடுவே, சற்றுப் பின்னால்.

சுவருக்குள் ஓடுவது 50 ஹெர்ட்ஸ். ஹீட்டரிலிருந்தும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்திலிருந்தும் ஏறுவது பெரும்பாலும் அந்த 50. ரெக்டிபயர் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கம் மடித்துவிடுவதால் பவர் சப்ளையிலிருந்து கசிவது 100. இரண்டுக்கும் இடையே ஒரு ஸ்தாயி. காது பழகினால் எது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

ஒரு மில்லிவோல்ட் 50-இல் வந்தால் கேட்பது அரிது. அதே ஒரு மில்லிவோல்ட் 100-இல் வந்தால் கேட்கிறது. தாழ்ந்த ஒலிகளுக்குக் காது மந்தம்.

இன்றைக்குக் கேட்பது 100 அல்ல. அதற்குக் கீழே.

*

டிரான்ஸ்பார்மரின் நான்கு திருகுகளையும் தளர்த்தியாயிற்று. பிளக் பிடுங்கி, வடியவிட்டு, அளந்து, பிறகுதான். அதைக் கால் வட்டம் திருப்பி வைத்து மறுபடி சுவிட்ச். அரை நிமிடம்.

ஹம் பின்வாங்கியிருக்கிறது.

இன்னும் கொஞ்சம். கூடுகிறது.

திரும்பக் கொஞ்சம்.

ஓர் இடத்தில் அது ஏறக்குறைய இல்லை. அங்கே திருகை இறுக்குகிறேன். சேஸியின் விளிம்புக்கு டிரான்ஸ்பார்மர் இப்போது கோணலாக நிற்கிறது. பார்க்க அழகில்லை. அப்படியே இருக்கட்டும்.

*

விலையுயர்ந்த கப்பாசிட்டர், வெள்ளிக் கம்பி, பழைய ஜெர்மன் வால்வு. இவற்றைப் பற்றிய பேச்சு முடிவதில்லை. அவற்றால் வரும் வித்தியாசத்தைக் கேட்க எனக்குக் கண்ணை இறுக்கி மூட வேண்டியிருக்கிறது, அப்போதும் நிச்சயமில்லை.

டிரான்ஸ்பார்மரைத் திருப்பினால் வரும் வித்தியாசம் கண் திறந்திருந்தாலே கேட்கிறது. அதற்குச் செலவும் இல்லை.

*

கணக்கு.

சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன், 300 ஓம். அதற்குள் ஒரு மில்லிவாட் போனால் 97 டெசிபல். நெடுநேரம் கேட்டால் காதைக் கெடுக்கும் சத்தம் அது.

இரவில் கேட்பது 70 டெசிபல் அளவில். அதற்கு இரண்டு மைக்ரோவாட் போதும். வாட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு.

அதற்காக 30 வாட் எரிகிறது. மீதி அத்தனையும் சூடாக அறைக்குள் போகிறது.

இந்த விகிதத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார முடிகிறது.

*

வீணை தனம்மாள்.

1930-களின் அரக்கு இசைத்தட்டு. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். கேட்க வருகிறவர்கள் அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய நாதம். 1938-இல் மறைந்தார்.

ஊசி உரசும் சத்தம் முதலில். மழைக்கும் அதற்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று. அதன் அடியில் வீணை இருக்கிறது.

ஒரு மீட்டு. அது ஓயும்வரை அடுத்தது வரவில்லை. ஓய்ந்த பிறகும் சற்று நேரம் வரவில்லை.

அந்த இடத்தில் ஹம் இருந்திருந்தால் அது முழுவதும் ஹம்மாகத்தான் கேட்டிருக்கும். இப்போது தட்டின் உரசல் மட்டும்.

மேலே இன்னொரு மீட்டு. இடது கை தந்தியை இழுக்கிறது. ஒலி எழுந்து முடிந்த பிறகும் ஸ்வரம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

மூச்சு தானாகச் சிறுத்துவிட்டிருக்கிறது.

*

1925-க்கு முன்பு பாடகர் ஒரு குழலின் வாய்க்குள் பாடினார். அந்தக் காற்றின் அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு போட்டது. அதற்குப் பிறகு மைக். மைக்கிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தைப் பெருக்க அன்றைக்கு வால்வைத் தவிர வேறு எதுவும் இல்லை. டிரான்சிஸ்டர் வருவது 1947-இன் கடைசியில்.

ஆகவே தனம்மாளின் வீணையும், நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும், அந்தக் காலத்துத் தட்டுகளில் உள்ள எல்லாமும், பதிவாகும்போதே ஒருமுறை வால்வின் வெற்றிடத்தைக் கடந்தவை.

இன்று இரவு இன்னொரு முறை கடக்கின்றன.

*

நாதஸ்வரம். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் அது பெரியது.

தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. எங்கே நிற்கிறது என்று தேடிப் போகும் கவனமும் நிற்பதில்லை.

கவனம் எங்கோ போயிருக்கிறது. நாளைக்குக் கட்ட வேண்டிய கரண்ட் பில். திரும்பி வந்தபோது ராஜரத்தினம் பிள்ளை பஞ்சமத்தில் இருக்கிறார்.

*

வால்வு தன் பங்காகக் கொஞ்சம் சேர்க்கிறது. ஸட்ஜம் உள்ளே போனால், வெளியே வரும்போது அதன்கூட மிகச் சன்னமாக மேல் ஸட்ஜமும் வருகிறது. இரண்டாம் ஹார்மோனிக். அதைவிடக் குறைவாக மூன்றாவது. அது மேல்ஸ்தாயிப் பஞ்சமம்.

தம்புராவின் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் கேட்பவையும் இவையே.

இதை இனிமை என்று சிலர் சொல்கிறார்கள். பிழை என்று அளக்கும் கருவி சொல்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டு சொல்லும் நினைவுக்கு வருவதில்லை.

*

அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறாள். இருட்டில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள்.

"என்னப்பா, விளக்கை அணைக்கலையா?"

"இது விளக்கில்லம்மா."

கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறாள். தாத்தா வீட்டு ரேடியோவின் பின்பக்க ஓட்டைகள் வழியாக இதே வெளிச்சம் சுவரில் விழும் என்கிறாள். பிறகு போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

*

12ஏயூ7-ஐ விரல்நகத்தால் தட்டினால் ஹெட்போனில் மணிச்சத்தம். உள்ளே இருக்கும் கிரிட்டின் நுண்கம்பிகள் அதிர்கின்றன, அதிர்வு சிக்னலாகிறது.

எல்லா வால்விலும் சற்று இருக்கும். இதில் குறைவு.

பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும்போது மேசை நடுங்குவது இதில் கேட்கிறதா என்று காத்திருக்கிறேன். கேட்கவில்லை. மோட்டார் நின்ற பிறகு, அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது தெரிகிறது.

*

வால்யூம் திருகியைப் பாதி திருப்பினால் பாதி சிக்னல் போவதில்லை. பத்தில் ஒரு பங்கு, சற்றுக் கூடினாலும் கூடும். காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அந்தப் பட்டையை அப்படிச் செய்கிறார்கள். முதல் சில டிகிரிகளில் இடதும் வலதும் ஒத்துப்போவதில்லை. பாட்டு ஒரு பக்கம் சாய்கிறது. இன்னும் சற்றுத் திருப்பினால் நடுவுக்கு வந்துவிடுகிறது.

*

இரவு ஏற ஏற ஊரில் விளக்குகள் அணைகின்றன. சுவரில் மின்னழுத்தம் ஏறுகிறது. மீட்டரில் 230 இருந்தது இப்போது 242. ஹீட்டரில் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 6.6. பத்து சதவீதம்வரை தாங்கும். ஆரஞ்சு சற்றே மஞ்சளாகிறது. கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது.

பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது காதில் ஒரு சொடுக்கு.

அதுவும் இந்த வீட்டின் ஒலிகளில் ஒன்று.

*

6080-இன் கண்ணாடியின் உட்பக்கத்தில் நீலம். பிளேட்டைத் தவறவிட்ட எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் படும் இடம். பாட்டு உரக்கும்போது அசைகிறது. கண்ணாடியை ஒட்டி இருந்தால் கவலையில்லை. நடுவில், உலோகங்களுக்கு இடையே ஊதா நிறம் தெரிந்தால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். வால்வை மாற்ற வேண்டும்.

இதில் கண்ணாடியில் மட்டும்.

*

பாட்டு இல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருதல்.

திருகி முழுவதும் கீழே. வால்வுகள் எரிகின்றன. 33 மில்லிஆம்பியர் அந்தப் பக்கம், 33 இந்தப் பக்கம். சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய இதே ஓட்டம்தான்.

முதலில் ஒன்றும் கேட்பதில்லை. பிறகு ஒரு மெல்லிய சீறல். சூட்டினால் எலெக்ட்ரான்கள் ஒழுங்கின்றிப் புறப்படுவதன் ஓசை. அதற்கு மேலே, சொந்த ரத்தம் காதில் ஓடும் ஓசை. எது எது என்று பிரிக்க முடிவதில்லை.

*

வேலை முடிந்ததா என்று தெரியவில்லை. அடிமூடி இன்னும் திறந்திருக்கிறது. ஒரு கம்பியைச் சற்று நகர்த்தலாம். ஒரு ரெசிஸ்டர் வெப்பத்தில் பழுத்திருக்கிறது. 3,000 ஓம், அதில் எப்போதும் மூன்று வாட்டுக்கு மேல் சூடு. பத்து வாட் தாங்கக்கூடியது. நகர்த்தாமலும் இருக்கலாம்.

மூடியை எடுத்து வைத்து, திருகுகளை முடுக்குகிறேன். காற்று போக அடியில் ரப்பர் கால்கள். மேலே தொட்டுவிடாமல் இருக்க ஒரு கம்பிக்கூடு; வீட்டுக்குக் குழந்தைகள் வருவார்கள்.

*

வேறு ஹெட்போன். 32 ஓம்.

வெளியே போகும் பாதையில் 100 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் நிற்கிறது, கேதோடின் நூறு வோல்ட் காதுக்கு வராமல் தடுக்க. 300 ஓமோடு சேரும்போது அது ஐந்து ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் குறைக்கிறது; காதுக்கு எட்டாத இடம். 32 ஓமோடு சேரும்போது அந்த எல்லை சற்று மேலே ஏறுகிறது. பெரிய சிக்கல் அது அல்ல. ஆம்ப்ளிபயரின் அவுட்புட் தடை 100 ஓமுக்கு மேல். சிக்னலின் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடுகிறது.

300 ஓம் ஹெட்போனுக்கு இந்த ஆம்ப்ளிபயர் போதும். 32 ஓமுக்கு வேறு ஒன்று கட்ட வேண்டும்.